பக்கத்துக் கூடை

"சங்கரா இன்னா வெலைக்குப் போச்சுக்கா?"

"கூடை ரெண்டாயிரத்துக்கு எடுத்தேன். நீ அதுக்கு மேல ஏத்தாத. பின்னால இன்னொரு போட்டு வருது."

சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் காலை ஏழு மணிக்குக் காதில் விழும் பேச்சு இது. கேட்டவரும் சொன்னவரும் இன்னும் ஒரு மணி நேரத்தில் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பெசன்ட் நகரிலிருந்து வரும் ஒரே கிராக்கிக்கு ஒரே சங்கரா மீனை விற்கப் போகிறவர்கள். பாடப்புத்தகக் கணக்குப்படி ஒருவருக்கொருவர் போட்டி. ஆனால் அடக்க விலையையும், எதில் நிறுத்த வேண்டும் என்பதையும், அடுத்த படகு வருவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் அந்த அக்கா. தியாகம் ஒன்றும் இல்லை. நாளைக்கு இவர் தாமதமாக வருவார், அவர் முதலில் வந்திருப்பார். அன்றைக்கு இவர் கேட்பார்.

தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "யாரிடம் யோசனை கேட்பது?" என்பதுதான். வீட்டில் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். வெளியே கேட்டால் எல்லாம் முடியும் என்கிறார்கள். இரண்டாலும் பலனில்லை. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பக்கத்துக் கூடைக்காரியிடம் கேளுங்கள். எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, அவரிடம் கிடைக்காததை எங்கே போய்க் கேட்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

மீன் விற்பவர்களை வைத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீனைப் போல அவசரமான சரக்கு வேறில்லை. புடவையை அடுத்த மாதம் விற்கலாம், ஊறுகாயை அடுத்த வாரம் விற்கலாம். காலையில் வாங்கிய மீனுக்கு மதியத்துக்கு மேல் ஆயுசு ஐஸ் பெட்டியில்தான். ஆகவே இவர்கள் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் அன்றைக்கே சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. ஒருவர் பத்து வருடம் இந்த வேலை செய்திருந்தால் மூவாயிரம் முறை கணக்குப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த அனுபவம் உங்களுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்தில் உட்காருவதிலேயே லாபம் இருக்கிறது. தனியாக ஒருவர் ஒரு முனையில் உட்கார்ந்தால் வண்டி நிற்காது. பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்தால் அது மார்க்கெட் ஆகிவிடும், தேடி வருவார்கள். குப்பத்துப் படகுகளில் சரக்கு போதாத நாளில் காசிமேட்டுக்கோ சிந்தாதிரிப்பேட்டைக்கோ போக வேண்டும். விடியுமுன் தனி ஆட்டோ பிடித்தால் அன்றைய லாபம் ஆட்டோவுக்கே சரியாகிவிடும், நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் வரத்துக் குறையும், விலை எகிறும். அந்த இரண்டு மாதத்தை எப்படி ஓட்டுவது என்பதைக் கரையில் இருப்பவர்களைத் தவிர யாராலும் சொல்லித்தர முடியாது. கருவாட்டுக்குப் போகிறவர்கள் யார், வறுவல் கடை போடுகிறவர்கள் யார், முன்கூட்டியே சீட்டுப் போட்டு வைத்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "உங்களுக்கு மாசம் எவ்வளவு நிக்குது?" என்று கேட்டால் பதில் வராது. வந்தாலும் பொய்யாக இருக்கும். நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே சொல்வீர்கள்? "மிச்சம் விழுந்தா என்ன பண்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறந்துவிடும். நஷ்டத்தைப் பற்றிப் பேச எல்லாருக்கும் பிடிக்கும். எந்த மீன் சீக்கிரம் அடிவாங்குகிறது, எந்தக் கிழமையில் கூறு சிறிதாகக் கட்ட வேண்டும், வெட்டிக் கொடுப்பதற்குத் தனியாகக் காசு கேட்டால் வாடிக்கை முகம் சுளிக்கிறதா என்று லாபக் கணக்கு முழுக்க அந்த நஷ்டப் பேச்சுக்குள்ளேயே இருக்கும். இன்னொன்று, கேட்பதற்கு முன் கொடுங்கள். ஐஸ் எங்கே இரண்டு ரூபாய் குறைவு என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் கேட்கப் போகிறவளுக்கு மூன்றாவது நாள் மரியாதை இருக்காது.

வரிசை இல்லாத தொழிலா?

"நான் மீன் விற்கவில்லை, வீட்டிலிருந்து பிளவுஸ் தைக்கிறேன், எனக்கு ஏது பக்கத்துக் கூடை?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் அடையாறில் வீட்டிலிருந்து பொடி வகை விற்றவள்தான். முதல் வருடம் முழுக்க யாரையும் தெரியாது. எனக்கு ஆலோசனை கிடைத்த இடம் மாவு மில். சாம்பார் பொடிக்கு அரைத்து வாங்கி, சூட்டோடு சூடாக டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "ஏம்மா, வேர்த்துக் கட்டி கட்டிக்குமே, பேப்பர்ல பரப்பி ஆற வைச்சிட்டு மூடு" என்றார். அதற்கு முந்தைய மூன்று மாதம் என் பொடி ஏன் திரும்பி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவரும் பொடி விற்கிறவர்தான், மேற்கு மாம்பலத்தில். பிறகு பாரிமுனையில் கவர் வாங்க இருவரும் சேர்ந்தே போனோம். அதிகமாக வாங்கினால் விலை குறைகிறது, என் பங்கு ஒரு கட்டு, அவர் பங்கு இரண்டு கட்டு.

ஆக, விற்கும் இடத்தில் வரிசை இல்லையென்றால் சரக்கு வாங்கும் இடத்தில் வரிசை இருக்கும். தையலுக்கு லைனிங் துணிக்கடை, இட்லி மாவுக்கு அரிசி மண்டி, பூக்கட்டுகிறவருக்குக் கோயம்பேடு. அங்கே போய் உங்களைப் போலவே சிறிய அளவில் வாங்கும் பெண்ணைப் பாருங்கள். கடைக்காரரிடம் யோசனை கேட்பதும் உண்டு, ஆனால் அவர் உங்களுக்கு விற்கப் பார்ப்பவர் என்பதை மறக்கக் கூடாது.

பணத்துக்கு மட்டும் வேறு ஆள்

கரையில் கிடைக்கும் யோசனைகளில் நான் தள்ளிவைக்கச் சொல்வது ஒன்றுதான். "தண்டல் வாங்கிக்கோ, எல்லாரும் வாங்குறோம்" என்பது அது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வீட்டு வாசலுக்கே வந்து தருகிறார்கள், காகிதம் கேட்பதில்லை, தினம் நூறு ரூபாய்தான். நூறு சின்னதாகத் தெரிவதுதான் இதில் தந்திரம்.

கணக்கை ஒரு முறை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள் என்று வையுங்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுகிறீர்கள். நூற்றுக்குப் பதினைந்து வட்டி போலத் தோன்றும். அப்படியில்லை. முதல் நாள் 8,500 உங்களிடம் இருந்தது, ஐம்பதாம் நாள் பாதி போய்விட்டது, கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரியாகப் பார்த்தால் 4,250 ரூபாயைத்தான் நூறு நாள் வைத்திருந்தீர்கள். அதற்குக் கொடுத்த வட்டி 1,500. வருடக் கணக்குக்குக் கொண்டு வந்தால் நூற்றுக்கு 125-ஐத் தாண்டுகிறது. வங்கி வட்டி ஏறக்குறைய இதில் பத்தில் ஒரு பங்கு. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே தடுக்கிறது. இருந்தும் தண்டல் நடக்கிறது என்றால், அந்த இடத்தை நிரப்ப வேறொன்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றுதான் அர்த்தம்.

அந்த வேறொன்றைச் சென்னையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1978-ல் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். காங்கிரஸ் அரசியலில் இருந்தவர். குடிசைப் பகுதிகளில் சுற்றியபோது, காய்கறி விற்கும், பூ விற்கும், இட்லி சுடும் பெண்களுக்கு வேண்டியது தர்மம் இல்லை, சிறிய கடன்தான் என்று கண்டுகொண்டார். முதலில் தேசிய வங்கிகளிலிருந்து கடன் வாங்கிக் கொடுத்தார்கள். வங்கியின் படிவமும் நேரமும் கூடைக்காரிக்கு ஒத்துவரவில்லை. 1981-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை உருவாக்கிக்கொண்டார்கள். வங்கதேசத்தில் கிராமீன் 1983-ல் வங்கியாவதற்கு இரண்டு வருடம் முந்திய கதை இது. நம்மூரில் இதைச் சொல்பவர்கள் குறைவு என்பது எனக்கு ஒரு மனக்குறை.

அவர்கள் முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரே தெருவைச் சேர்ந்த பத்திலிருந்து இருபது பெண்கள் ஒரு குழு. ஒருவருக்கொருவர் ஜாமீன். நகையும் பத்திரமும் கேட்காத இடத்தில், பக்கத்து வீட்டுக்காரி உங்களைப் பற்றி அறிந்திருப்பதுதான் ஈடு. அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் தொடங்கிய சேவா சங்கத்தின் பெண்களும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் இறங்கினார்கள். 1974-ல் நாலாயிரம் பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு வங்கியையே திறந்தார்கள்.

இன்று நீங்கள் சங்கம் தொடங்கிப் போராட வேண்டியதில்லை. மகளிர் திட்டத்தின் கீழ் சுய உதவிக் குழுக்கள் எல்லாப் பகுதிகளிலும் இருக்கின்றன. பத்து லட்சம் ரூபாய் வரையிலான குழுக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பைப் பிடித்து வைக்கவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேலாளர் கேட்டால் விதியைச் சொல்லுங்கள், ஆனால் ஐந்து பேராகப் போய்ச் சொல்லுங்கள். மீனவர் குடும்பமாக இருந்தால் மீன்வளத் துறையின் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. நீங்கள் 1,500 சேமித்தால் மாநில அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வருகிறது. மீன் குறைந்த மாதங்களுக்கென்றே வந்த பணம் அது. தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி கடன் 2020-ல் பத்தாயிரத்தில் ஆரம்பித்தது. இப்போது முதல் தவணை 15,000, ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000.

குழுவில் சேரும் முன் ஒன்றைப் பாருங்கள்: நோட்டு யாரிடம் இருக்கிறது? ஒரே ஆள் பணத்தையும் நோட்டையும் சாவியையும் வைத்திருக்கும் குழுவில் சேராதீர்கள். நான் ஒரு சீட்டில் அப்படி ஏமாந்தவள். நடத்தியவர் தெரிந்தவர்தான், நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எட்டாவது மாதம் வீட்டைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார். மாதம் ஒரு முறை எல்லார் முன்னாலும் கணக்கைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருந்தால் மூன்றாவது மாதமே தெரிந்திருக்கும். கேட்கக் கூச்சமாக இருந்தது.

இடம் போய்விட்டால்

நடைபாதையில் உட்கார்கிறவருக்குப் பணத்தைவிடப் பெரிய பயம் இடம். 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றியபோது நொச்சிக்குப்பம் மக்கள் சாலையிலேயே படகுகளைப் போட்டு மறித்தார்கள். வழக்கு, பேச்சுவார்த்தை எல்லாம் நடந்து 2024 ஆகஸ்டில் 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறந்தது. அங்காடி எல்லாருக்கும் பிடித்ததா என்பது வேறு பேச்சு. தனியாக ஒருத்தியின் கூடையை எடுத்திருந்தால் அது செய்தியாகக்கூட வந்திருக்காது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகள், அந்த வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மாநகராட்சியின் அடையாள அட்டை இல்லாத பெண்ணுக்கு இந்தச் சட்டம் அவ்வளவாகக் கைகொடுக்காது. ஆகவே உங்கள் வரிசையில் யாருக்கு அட்டை இருக்கிறது, எப்படி வாங்கினார் என்று இந்த வாரமே விசாரியுங்கள். சங்கம் எதுவானாலும் ஒன்றில் உறுப்பினராக இருங்கள். பிரச்சினை வந்த பிறகு சேரப் போனால் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

ஆற்றுக்கு அக்கரை

சில கேள்விகளுக்குக் கரையில் யாருக்குமே பதில் தெரியாது. கழிவை என்ன செய்வது, பாக்கெட்டில் போட்டால் எத்தனை நாள் தாங்கும், ஓட்டல்களுக்குக் கொடுக்க என்ன பதிவு வேண்டும் என்பவை அப்படி. இதற்குப் படித்தவர்கள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மீனைப் பற்றிப் படித்தவர்கள் ஊரூர் குப்பத்துக்கு நேர் எதிரேயே இருக்கிறார்கள். அடையாற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், சாந்தோம் நெடுஞ்சாலையில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். குப்பத்திலிருந்து அக்கரைக்கு 1967-ல் பாலம் கட்டினார்கள். 1977-ல் அது உடைந்தது, அப்படியே கிடக்கிறது. சினிமாக்காரர்களும் காதலர்களும்தான் அந்த உடைந்த பாலத்துக்குப் போகிறார்கள். பாலம் நின்றிருந்தால் நடந்து போகும் தூரம், இப்போது அடையாறு சுற்றிப் பேருந்தில் போக வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால் செலவு நேரம் மட்டும்தான்.

நாம் வாரிக் கொட்டும் செவுள், குடல், தலை இவற்றிலிருந்து அந்த நிறுவனம் பிளாங்க்டன் பிளஸ், ஹார்ட்டி பிளஸ் என்று இரண்டு பொருள்களைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்திருக்கிறது. ஒன்று மீன், இறால் வளர்ப்புக் குளத்துக்கு, மற்றது செடிகளுக்கு. மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பெசன்ட் நகரில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். காலையில் அவர்களுக்கு மீன் விற்கிறவரே மாலையில் அதே மீனின் கழிவை உரமாக விற்கலாம்.

பொதுவான தொழில் பயிற்சிக்குக் கிண்டி பக்கம் ஈக்காட்டுத்தாங்கலில் தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. குழுப் பொருள்களைக் கண்காட்சியில் வைக்க நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் நெடுஞ்சாலையில் அன்னை தெரசா மகளிர் வளாகம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை, காசு கேட்பவர் தரகர். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும்போது "நான் சும்மா விசாரிக்க வந்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். கையில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். "நெத்திலிக் கருவாடு மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார்கள். "ஏதாவது உதவி உண்டா?" என்று கேட்டால் கையில் நோட்டீஸ்தான் கிடைக்கும்.

கதை கேட்கும்போது

மேடையில் சொல்லப்படும் வெற்றிக் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. கஷ்டம், திருப்பம், கார் என்று ஒரே அச்சில் இருக்கும். ஆனால் பாட்ரிசியா நாராயணின் கதையில் ஒரு எண் இருக்கிறது, அதற்காக அதை எல்லாரிடமும் சொல்வேன். 1982-ல் மெரினாவில் தள்ளுவண்டிக் கடை போட்டார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, ஐம்பது பைசா. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவரை, ஒன்றாவது விற்றதே என்று தேற்றியது அவருடைய அம்மா. அடுத்த நாள் வியாபாரம் அறுநூறு எழுநூறு ரூபாய். பின்னாளில் உணவகங்கள் நடத்தி 2010-ல் ஃபிக்கி தொழில் வணிகக் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினார். விருதை விடுங்கள். ஐம்பது பைசா போணிக்கும் அறுநூறுக்கும் நடுவில் ஒரு ராத்திரிதான் இருந்தது, அந்த ராத்திரியில் பேச ஒரு ஆள் இருந்தார். உங்களுக்கு அப்படி ஒருவர் யார் என்று இப்போதே முடிவு செய்து வையுங்கள். அவருக்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை. மற்ற கதைகளைக் கேட்கும்போது, முதல் எவ்வளவு, யார் கொடுத்தது, முதல் வருடம் யார் சமைத்தார், குழந்தையை யார் பார்த்துக்கொண்டார் என்று கேளுங்கள். இதற்குப் பதில் இல்லாத கதையைக் கைதட்டிவிட்டு விட்டுவிடலாம்.

முதல் கூட்டம்

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் தெருவிலேயே ஐந்தாறு பெண்களைக் கூட்டிப் பேசலாம் என்று தோன்றினால், நேரத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அதிகாரிகளுக்கு வசதியான காலை பதினொரு மணி மீன்காரிக்குக் கூடையின் உச்ச நேரம். மாலை ஆறு மணி வறுவல் கடைக்காரிக்கு அடுப்பு நேரம். குப்பத்தில் எல்லாருக்கும் தோதான நேரம் மதியம் மூன்று. அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, அருவாமனையைத் துடைத்துச் சொருகியாகிவிட்டது, பள்ளிக்கூடம் விட இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. எல்லையம்மன் கோயில் பக்கம் நிழல் இருக்கும்.

தலைவி, செயலாளர் என்று முதல் நாளே தேர்ந்தெடுக்க வேண்டாம், சண்டை வரும். ஆளுக்கு ஒரு நஷ்டம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மூன்று மணிப் பேச்சு நாலரைக்குத்தான் முடியும். அன்றைக்குக் காசு எதுவும் வசூலிக்காதீர்கள். நோட்டும் பேனாவும் நீங்கள் கொண்டு போங்கள், டீயை அவர்கள் வாங்கட்டும்.